மஞ்சள் கடுதாசி மானக்கேடு அல்ல

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்க அலுவலகத்தின் கதவைத் திறக்கும் முன்பே படிக்கட்டில் ஒரு கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீராமபுரத்தில் குடியிருப்பவர்கள். பூர்வீகம் திருப்பத்தூர்ப் பக்கம். அவர் பீனியாவில் ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகளாக லேத் ஓட்டுகிறவர். அம்மையாரின் மடியில் ஒரு துணிப்பை. கவிழ்த்தால் காகிதங்கள்: அடகுக்கடைச் சீட்டு, பைனான்சுக்காரரின் நோட்டீசு, மகளிர் குழுக் கடன் அட்டை, அவற்றோடு நீதிமன்றச் சம்மன் மூன்று. சம்மன்கள் கன்னடத்தில் இருந்தன. படிக்கத் தெரியாததால், படிக்கப் பயந்ததால், அவற்றைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்கள். இப்போது டிக்ரி ஆகி, அமீனா வீட்டு வாசலுக்கு வந்து போய்விட்டார்.

தங்கையின் கல்யாணத்துக்கும் தகப்பனாரின் வைத்தியத்துக்கும் வாங்கிய கடன் அது. வாங்கும்போது புரோ நோட்டில் ஒரு கையெழுத்து, தொகை எழுதாத இரண்டு செக்குகள். போதாதென்று, ஊர்க்காரர் ஒருவர் ஆட்டோ வாங்கியதற்கு ஜாமீன் கையெழுத்து வேறு. தகப்பனார் மில்லில் உழைத்துக் கட்டி, மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன இரண்டறை வீடு ஒன்றுதான் சொத்து. அதை மறுநாளே மைத்துனன் பேருக்குக் கிரயம் செய்துவிடலாமா என்று கேட்பதற்காகவே அவர் வந்திருந்தார்.

அம்மையார் கேட்டது வேறு. கழுத்தில் கை வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்தத் தாலியையும் கழற்றச் சொல்வாங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தத் தலையங்கம் எழுதப்படுகிறது. காரணம், இது ஒரு வீட்டின் கேள்வி அல்ல. ஓகலிபுரத்திலும் அல்சூரிலும் நீலசந்திராவிலும் ஆஸ்டின் டவுனிலும், தினமும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரும் தங்கவயல் குடும்பங்களிலும் இதே கேள்வி தொண்டையில் நிற்கிறது. வாய்விட்டுக் கேட்பதற்குள் சிலர் ஊரை விட்டே ஓடிவிடுகிறார்கள். சிலர் உயிரையே விட்டுவிடுகிறார்கள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பது நம் பழமொழி. கடன் விஷயத்தில் இந்தப் பழமொழி நம்மைக் கெடுத்துவிட்டது. நீதிமன்றத்தில் சாணுக்கும் கணக்கு உண்டு, முழத்துக்கும் கணக்கு உண்டு. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சட்டம் வரி போட்டு எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு, கேட்டவனுக்குத்தான் கிடைக்கும். காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தவனுக்குக் கிடைக்காது.

அமீனா தொடக்கூடாதவை

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடன்பட்டவர், அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு வேண்டிய துணிமணி, சமைக்கும் பாத்திரம், பாய் படுக்கை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத ஆபரணத்தையும் ஜப்தி செய்ய முடியாது. அந்த அம்மையாருக்கு முதலில் சொன்ன பதில் இதுதான்: "தாலியைத் தொட முடியாதம்மா. சட்டமே சொல்கிறது."

கைவினைத் தொழிலாளியின் கருவிகளும் அப்படியே. தையற்காரரின் இயந்திரம், தச்சரின் உளி, கொத்தனாரின் கரண்டி ஆகியவை பிழைப்புக் கருவிகள் என்று எடுத்துச் சொல்லிக் காப்பாற்றலாம். ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே ஈடு எழுதிக் கொடுத்த ஆட்டோவுக்கு இந்தச் சலுகை கிடையாது. டி.வி.யும் மோட்டார் சைக்கிளும் இந்தப் பட்டியலில் இல்லை.

கூலித் தொழிலாளியின் கூலியையும், வீட்டு வேலை செய்பவரின் கூலியையும் ஜப்தி செய்யவே முடியாது. தொழிலாளி என்றால் மூட்டை தூக்குபவர் மட்டுமல்ல, தேர்ச்சி பெற்ற தொழிலாளியும் அதில் அடக்கம் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. மாதச் சம்பளக்காரர் என்று நீதிமன்றம் கருதினாலும், முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்குத்தான். 25,000 ரூபாய் சம்பளம் என்றால் 17,000 ரூபாயைத் தொட முடியாது. மிச்சமுள்ள 8,000 ரூபாயையும் ஒரே டிக்ரிக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது. ஜீவனாம்ச டிக்ரிக்கு மட்டும் கணக்கு வேறு. பிராவிடண்டு பண்டும் ஆயுள் இன்சூரன்சுப் பணமும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை.

வீடு? இதில்தான் நம்மவர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். விவசாயி தான் குடியிருக்கும் வீட்டை ஜப்தியிலிருந்து காக்கும் உரிமை பழைய காலத்திலிருந்தே உண்டு. 1976-இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம், தொழிலாளியும் வீட்டு வேலைக்காரரும் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு வந்தது. அவர் உண்மையிலேயே தொழிலாளி, அந்த வீட்டில் அவரே குடியிருக்கிறார் என்று ஏலம் நடக்கும் முன்பே நீதிமன்றத்தில் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். "இந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. இதுவும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டையே அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு இந்தக் கேடயம் உதவாது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

ஏழ்மை குற்றமல்ல

"பணம் கட்டாவிட்டால் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவது வட்டிக்காரரின் வழக்கமான ஆயுதம். 1980 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த ஆயுதத்தின் முனையை மழுங்கடித்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவருக்கும் கொச்சி வங்கிக்கும் நடந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கடனைத் திருப்பிக் கட்ட வழியில்லாத காரணத்துக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றினார், சொத்தை ஒளித்தார் என்று கடன் கொடுத்தவர் நிரூபித்தால்தான் சிறை. டிக்ரி தொகை 2,000 ரூபாய் வரை என்றால் சிறையே கிடையாது. எவ்வளவு பெரிய தொகையானாலும் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கணவன் வாங்கிய கடனுக்கு, கையெழுத்துப் போடாத மனைவி பொறுப்பல்ல. அவளுடைய சீதனம் அவளுடையது. தகப்பன் கடனை மகன் தீர்த்தே ஆகவேண்டும் என்ற பழைய இந்து சட்டக் கொள்கை, 2005 செப்டம்பர் 9-க்குப் பிந்திய கடன்களுக்குச் செல்லாது. தகப்பனிடமிருந்து வந்த சொத்து எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் பிள்ளையின் பொறுப்பு. "அப்பன் கடன், நீ கட்டு" என்று பட்டறை வாசலில் நின்று கூச்சல் போடுபவரிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

நாமே நமக்குச் செய்துகொள்ளும் கெடுதல்

சட்டம் இவ்வளவு கொடுத்திருந்தும் நம் குடும்பங்கள் ஏன் வீதிக்கு வருகின்றன? வட்டிக்காரரின் கொடுமை பாதி என்றால், நமது அறியாமை மறுபாதி. கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலாவது, சம்மனை மறுப்பது. வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். மறுத்தாலும் கொடுத்ததாகவே கணக்கு. பதில் கொடுக்க 30 நாள். வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி. அப்படி ஆகிவிட்டாலும் 30 நாளுக்குள், வர இயலாமற்போன காரணத்தைக் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். மொழி தெரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கன்னடச் சகோதரரிடம் கொடுங்கள், படித்துச் சொல்வார். அவர் வீட்டிலும் இதே கடன், இதே கண்ணீர்தான்.

இரண்டாவது, வெறும் செக்கில் கையெழுத்து. செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்கு. நோட்டீசு கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். திவால் மனுப் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

மூன்றாவது, கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரம் எழுதுவது. "பணம் கொடுத்ததும் வீட்டைத் திருப்பி எழுதித் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அதைச் சட்டம் அடமானமாகப் பார்க்கும். இல்லையேல் விற்றது விற்றதுதான்.

நான்காவது, ஜாமீன். ஊர்க்காரன், உறவுக்காரன் என்று கையெழுத்துப் போடுகிறோம். கடன் வாங்கியவனிடம் எவ்வளவு கேட்கலாமோ, அவ்வளவையும் ஜாமீன்தாரரிடம் நேராகவே கேட்கலாம். அவன் திவாலாகி விடுதலை பெற்றாலும் ஜாமீன்தாரருக்கு விடுதலை இல்லை.

ஐந்தாவது, நமது ஸ்ரீராமபுரம் நண்பர் செய்ய இருந்தது: சொத்தை மைத்துனன் பேருக்கு மாற்றுவது. பாதுகாக்க வேண்டிய வீட்டை இழக்க இதைவிட நேர்வழி கிடையாது. திவாலாவதற்கு முந்திய 2 ஆண்டுக்குள் நல்லெண்ணமும் உரிய விலையும் இன்றிச் செய்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். நேர்மையான ஏழை என்ற பெயரும் அத்துடன் போய்விடும். தொழிலாளியின் குடியிருப்பு என்று சட்டப்படி காப்பாற்றியிருக்கக்கூடிய வீட்டை, பொய்ப் பத்திரம் எழுதி நாமே பறிகொடுக்கலாமா?

மஞ்சள் கடுதாசி என்பது என்ன?

ஐ.பி. கொடுத்துவிட்டான், மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று ஒருவனைப் பற்றி நாம் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. கன்னடத்தில் 'பாப்பர்' என்கிறார்கள். அங்கும் அதே ஏளனம். ஆனால் அது நீதிமன்றத்தில் நேர்மையாகக் கணக்கு ஒப்புவிக்கும் ஒரு மனு. அதற்கு மேல் அதில் எந்தக் கறையும் இல்லை.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டின் சட்டம். பெங்களூர் உள்ளிட்ட மற்ற இடங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதைத் தீர்க்க வழியில்லாதவர், தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பெங்களூர் நகரவாசிகளுக்கு நகர சிவில் நீதிமன்றம். யார் யாருக்கு எவ்வளவு கடன், என்ன சொத்து என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீசு போகும்.

திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தபின் அவருடைய சொத்து, நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடம் போகும். அதன்பின் கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியாக வழக்குத் தொடுத்து அவரை இழுத்தடிக்க முடியாது. கைதாகாமல் பாதுகாப்பு உத்தரவும் கேட்டுப் பெறலாம். 60-ஆம் பிரிவில் காப்பாற்றப்பட்டவை ரிசீவரிடம் போகா. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுதலை மனுப் போட வேண்டும். சொத்திலிருந்து ரூபாய்க்கு எட்டணாவாவது தேறவில்லை என்றால், அது தன் தவறால் நேர்ந்ததல்ல என்று காட்ட வேண்டும். நோய், வேலையிழப்பு, ஆலை மூடல் என்று உண்மைக் காரணம் இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டும் வேலைநீக்கக் கடிதமும்தான் சாட்சி. விடுதலை கிடைத்தால் அந்தக் கடன்கள் பெரும்பாலும் தீர்ந்தன. அரசுக்குச் சேரவேண்டியதும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும் தீரா.

இதில் சங்கடங்களும் உண்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். விடுதலை வரும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் ரிசீவருக்கே. தாம் திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாயும் அதற்கு மேலும் கடன் வாங்கினால் குற்றம். கணக்கை மறைத்தால் சிறை. ஆகவே சின்னக் கடனுக்கெல்லாம் இது மருந்தல்ல. தவணை கேட்பது, பேசித் தீர்ப்பது, லோக் அதாலத்துக்குப் போவது ஆகியவை முதலில். லோக் அதாலத்தில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே போடும் கையெழுத்து டிக்ரிக்குச் சமம், மேல் முறையீடும் கிடையாது. கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

அடமானம் வைத்த வீடு

வங்கியில் வீட்டை வைத்துக் கடன் வாங்கியவர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். நீதிமன்றம் போகாமலே வங்கி வீட்டை எடுக்கலாம். ஆனால் முதலில் 60 நாள் நோட்டீசு கொடுக்க வேண்டும். அந்த 60 நாள்தான் உங்கள் கையில் உள்ள ஆயுதம். எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். வங்கி நடவடிக்கை எடுத்தபின் 45 நாளுக்குள் பெங்களூரிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பாக்கி ஒரு லட்சத்துக்கு மேற்படாவிட்டாலும், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலும் இந்தச் சட்டத்தின்படி எடுக்க முடியாது. ஊரிலுள்ள விவசாய நிலத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

சொந்த வீடில்லாமல், சேர்த்த பணத்தையெல்லாம் ஒரே தொகையாக லீசுக்குக் கொடுத்துக் குடியிருப்பவர்கள் இன்னொரு வகை. வீட்டுக்காரர் நொடித்துப்போனால் லீசுப் பணமும் ஆபத்தில். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட லீசு என்றால் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். செலவுக்குப் பயந்து பதிவு செய்யாத காகிதம், ஆபத்து வரும் நாளில் கைகொடுக்காது.

மிரட்டலுக்கு அஞ்சாதீர்

1976-இல் தேவராஜ் அர்சு முதலமைச்சராக இருந்தபோது கர்நாடகம் கடன் நிவாரணச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2019-இல் இன்னொரு நிவாரணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலமற்ற கூலிகளும் நலிந்த பிரிவினரும் தனியார் கடனிலிருந்து விடுபட மனுச் செய்ய அதில் கொடுத்த அவகாசம் 90 நாள். நம்மில் எத்தனை பேருக்கு அந்த 90 நாள் தெரிந்தது? தெரிவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

நிலையாக நிற்பவை இரண்டு. கொடுவட்டியைத் தடுக்கும் 2004-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் ஒன்று. மைக்ரோ பைனான்சுக் கொடுமையால் பல குடும்பங்கள் அழிந்தபின் 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டமாக வந்து, பின்னர் சட்டசபையில் நிறைவேறிய சிறுகடன் வன்முறைத் தடுப்புச் சட்டம் மற்றொன்று. வீட்டு வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்துவது, பின்தொடர்வது, ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பறிப்பது ஆகியவற்றுக்கு 10 ஆண்டு வரை சிறையும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பதிவில்லாத, உரிமமில்லாத நிறுவனம் ஏழைகளுக்குக் கொடுத்த கடனும் வட்டியும் தீர்ந்ததாகவே அச்சட்டம் கருதுகிறது. தமிழ்நாட்டிலும் 2025-இல் இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. ஊரில் கடன் வாங்கிவிட்டு இங்கே வேலை செய்பவர்கள் அதையும் நினைவில் வைக்க வேண்டும். பதிவு பெற்ற வங்கி, நிதி நிறுவனங்களின் கடன் இதனால் ரத்தாகாது. அதை யாரேனும் ரத்தாகும் என்று சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தம் அரசியல் சட்டத்தில் 39அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதை நிறைவேற்ற 1987-இல் இயற்றிய சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. சித்தையா சாலையில் 'நியாய தேகுல' கட்டடத்தில் மாநிலச் சட்டப்பணி ஆணையம் இயங்குகிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். இது பிச்சை அல்ல. நாம் கட்டும் வரியில் நடப்பது.

ஆள்வோரைக் கேட்கிறோம்

இவ்வளவும் சொன்னபின் ஆள்வோரை ஒரு கேள்வி கேட்காமல் விட முடியாது. கம்பெனிகள் நொடித்தால் விரைந்து தீர்க்க 2016-இல் புதிய திவால் சட்டம் இயற்றினீர்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கம்பெனிகளுக்கு அதை நடைமுறைப்படுத்தினீர்கள். 2019 டிசம்பர் 1-இல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிமனிதர்களுக்கும் நீட்டித்தீர்கள். அதே சட்டத்தில் ஏழைக் கடனாளிக்குப் புதுவாழ்வு தரும் அத்தியாயம் ஒன்று அச்சாகிக் கிடக்கிறதே, அதை மட்டும் ஏன் இன்னும் திறக்கவில்லை? ஆலை முதலாளிக்கு 2016-ஆம் ஆண்டின் சட்டம், அந்த ஆலையில் வேலை இழந்தவனுக்கு வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் ஆண்டின் சட்டமா?

திறந்தாலும் யாருக்குப் பயன்? ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாதாம். சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டுமாம். சொந்த வீடு இருக்கவே கூடாதாம். மாதம் 5,000 ரூபாயில் பெங்களூரில் ஒரு குடும்பம் வாழ்வதை அமைச்சர்கள் எங்கேனும் கண்டதுண்டா? கழிப்பறை கழுவும் சகோதரிகூட அந்த வாசலில் நுழைய முடியாது.

ஆகவே நாம் கோருவது:

1. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் புதுவாழ்வு அத்தியாயத்தை, இன்றைய விலைவாசிக்கேற்ப வரம்புகளை உயர்த்தி, உடனே நடைமுறைப்படுத்த வேண்டும்.

2. தொழிலாளி குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு ஜப்தியிலிருந்து விலக்கு உண்டு என்பதை ஜப்தி நோட்டீசிலேயே அச்சிட வேண்டும்.

3. கன்னடத்தில் வரும் சம்மனோடு, பிறமொழி பேசும் தொழிலாளர் மிகுந்த பகுதிகளில் அவர்கள் மொழியிலும் ஒரு துண்டுக் குறிப்பு இணைக்க வேண்டும். கன்னடத்துக்குரிய இடத்தை நாம் குறைக்கச் சொல்லவில்லை. விஷயம் விளங்க வேண்டும் என்கிறோம்.

4. நிவாரணச் சட்டம் எதுவானாலும், மனுச் செய்யும் கெடுவைத் தொழிற்பேட்டைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் பறையறைந்து அறிவிக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருக்கலாகாது. ஒவ்வொரு வட்டாரக் கிளையிலும் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தாய்மார்கள் கொண்டுவரும் காகிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும். வழக்கு நடத்துவது வக்கீலின் வேலை. தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது நமது வேலை. கடன்பட்ட குடும்பத்தை ஏளனம் பேசுவதில்லை என்ற உறுதியையும் அதே கிளைகளில் எடுக்க வேண்டும். வட்டிக்காரரின் கூச்சலைவிட நம்மவர் முணுமுணுப்புத்தான் பலரைத் தூக்குக் கயிற்றுக்கு அனுப்புகிறது.

ஸ்ரீராமபுரம் நண்பர் மைத்துனன் பேருக்குக் கிரயம் எழுதவில்லை. அம்மையாரின் பேரில் மனுக் கொடுத்து, சட்டப்பணி ஆணையத்தின் வக்கீல் கிடைத்திருக்கிறார். வீடு தொழிலாளியின் குடியிருப்பு என்று ஆட்சேப மனு தாக்கலாகியிருக்கிறது. செக் வழக்கு தனியாக நிற்கிறது. அதற்குத் தவணை பேசப்படுகிறது. திவால் மனுப் போடுவதா என்பதை இவற்றின் முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வெற்றி என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று சம்மன்களும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டன. அடுத்த வாய்தா தேதியை அம்மையாரே சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாலும் ஏதேனும் காகிதம் இருக்கிறதா? இன்றே எடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.